ரவுட்டரைத் திணறடிக்கும் மல்டிகாஸ்ட் வீடியோ

ஒரே வீடியோவைப் பலருக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு நகல் எடுக்காமல், ஒரே ஓட்டத்தை வலையில் விட்டு, பாதை பிரியும் இடத்தில் மட்டும் நகலெடுத்துக்கொள்ளும் முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். நொடிக்கு 4 மெகாபிட் அளவுள்ள ஒரு வீடியோவை ஒரு வளாகத்தில் 500 பேர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கொன்றாக அனுப்பும் யூனிகாஸ்ட் முறையில் சர்வரிலிருந்து நொடிக்கு 2 ஜிகாபிட் வெளியேற வேண்டும். மல்டிகாஸ்டில் அதே 4 மெகாபிட் போதும். பார்ப்பவர் 500 பேரானாலும் 5,000 பேரானாலும் சர்வருக்கு ஒரே வேலைதான். இப்படி வேலையைக் குறைக்கவென்றே பிறந்த ஒரு முறைதான், கல்லூரி வளாகங்களிலும் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் ரவுட்டரின் சிபியு பயன்பாட்டை 90 சதவீதத்துக்கு மேலே ஏற்றி, மொத்த வலையமைப்பையும் தள்ளாட வைக்கிறது.

இணையத்தில் மல்டிகாஸ்டுக்கு அடித்தளம் போட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீவ் டீரிங். கணினிகள் ஒரு குழுவில் சேர்வதற்கும் விலகுவதற்கும் அவர் எழுதிய விதிமுறை 1989-இல் ஆர்எஃப்சி 1112 என்ற எண்ணில் வெளியானது. 1992-இல் எம்போன் என்ற சோதனை வலையமைப்பு உருவாகி, பொறியாளர்களின் கூட்டங்கள் அதன் வழியே ஒலிபரப்பாயின. 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இசை நிகழ்ச்சியில் ஒரு பகுதியும் அதில் போனது. பொது இணையம் முழுவதும் மல்டிகாஸ்ட் பரவும் என்ற அன்றைய கனவு பலிக்கவில்லை. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் இன்றும் யூனிகாஸ்டில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் வலைகளுக்குள் மல்டிகாஸ்ட் உறுதியாக வேரூன்றிவிட்டது: ஐபிடிவி நிறுவனங்கள், ஹோட்டல் அறைத் தொலைக்காட்சிகள், கண்காணிப்புக் கேமராக்கள், வளாக வகுப்பு ஒளிபரப்புகள். மும்பையில் தேசியப் பங்குச் சந்தை தன் டிக்-பை-டிக் விலைத் தரவைத் தரகர்களுக்கு அனுப்புவதும் மல்டிகாஸ்டில்தான்.

224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான ஐபி முகவரிகள் மல்டிகாஸ்டுக்கென ஒதுக்கப்பட்டவை. இவை எந்தக் கணினிக்கும் சொந்தமில்லை. ஒவ்வொன்றும் ஒரு குழுவின் பெயர். வீடியோ அனுப்பும் கணினி, சான்றாக, 239.10.1.5 என்ற முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பார்க்க விரும்பும் கணினி ஐஜிஎம்பி என்ற நெறிமுறை வழியாக 'இந்தக் குழுவில் என்னையும் சேர்' என்று தன் பக்கத்து ரவுட்டரிடம் சொல்லும். ரவுட்டர்கள் தங்களுக்குள் பிம் என்ற நெறிமுறையில் பேசி, அனுப்புபவரிடமிருந்து பார்ப்பவர் வரை மரக்கிளைபோல் ஒரு பாதையை அமைக்கும். இடையில் உள்ள ஸ்விட்ச், ஐஜிஎம்பி செய்திகளை ஒட்டுக்கேட்டு, கேட்டவர்களின் போர்ட்டுக்கு மட்டும் வீடியோவை விடும். இந்த ஒட்டுக்கேட்டலுக்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று பெயர்.

சிபியு ஏன் திணறுகிறது என்று புரிய, பெரிய ரவுட்டருக்குள் இரண்டு பாதைகள் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாக வரும் பாக்கெட்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்து வன்பொருள் சிப்புகளே தள்ளிவிடும். நொடிக்குக் கோடிக்கணக்கில் வந்தாலும் அவை அசராது. அட்டவணையில் இல்லாதவை, விதிவிலக்கானவை, பிழையானவை ஆகியவற்றை மட்டும் சிப்பு சிபியுவிடம் அனுப்பும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் உள்ள வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, டேக் படிக்காத வண்டியை மட்டும் ஓரங்கட்டி ஊழியர் விசாரிப்பது போன்றது இது. நாளைக்குப் பத்து வண்டி என்றால் ஓர் ஊழியரே சமாளிப்பார். வருகிற வண்டியெல்லாம் டேக் இல்லாமல் வந்தால் சாவடியே நின்றுபோகும்.

வீடியோ இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. மற்ற வேலைகளில் விதிவிலக்கான பாக்கெட் ஒன்றிரண்டு வரும், போகும். வீடியோ ஓய்வில்லாமல் வரும். எம்பெக் வீடியோவை அனுப்பும்போது 188 பைட் அளவுள்ள துண்டுகள் ஏழைச் சேர்த்து 1,316 பைட்டாக ஒரு பாக்கெட்டில் அடைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் 4 மெகாபிட் வீடியோ என்பது நொடிக்கு ஏறத்தாழ 380 பாக்கெட். 100 சேனல் ஓடினால் நொடிக்கு 38,000. சிப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவும் சிபியுவின் மேசைக்கு வந்தால், வளாகத்தின் முதன்மை ரவுட்டராக இருக்கும் விலையுயர்ந்த கருவிகூடத் தடுமாறும். ஏனெனில் அந்தச் சிபியு வழித்தட நெறிமுறைகளைக் கவனிக்க வைக்கப்பட்டது. வீடியோ சுமக்க வைக்கப்பட்டதன்று. ஆகவே இந்தக் கோளாறில் 'வீடியோ எவ்வளவு ஓடுகிறது?' என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. இந்தப் பாக்கெட்டுகள் சிபியு வரைக்கும் ஏன் வருகின்றன என்று கேட்பதே சரியான தொடக்கம்.

அறிகுறிகள் பெரும்பாலும் வீடியோவோடு சம்பந்தமில்லாதவைபோல் தெரியும். ரவுட்டருக்குள் லாகின் செய்தால் தட்டிய எழுத்து தாமதமாகத் திரையில் வரும். பிங் நேரம் தாறுமாறாக ஏறி இறங்கும். ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறையில் பக்கத்து ரவுட்டரோடு உள்ள உறவு அறுந்து மீண்டும் சேரும். 10 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டிய ஹலோ செய்தி 40 விநாடிக்கு வராவிட்டால் பக்கத்து ரவுட்டர் செத்துவிட்டதாக அந்த நெறிமுறை முடிவு கட்டும். சிபியு மூச்சுவிட முடியாமல் இருக்கும்போது ஹலோவை யார் கவனிப்பது? கணக்குப் பிரிவில் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்று புகார் வரும். ஆனால் வீடியோ பார்ப்பவர்களோ ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். நோய் ஓரிடத்திலும் வலி வேறிடத்திலுமாக இருப்பதால் பலர் இணைய நிறுவனத்தையும் வைரஸையும் சந்தேகித்து நாட்களைக் கழிக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சிபியுவின் கணக்கு. சிஸ்கோ ரவுட்டர்களில் 'ஷோ பிராசசஸ் சிபியு சார்ட்டட்' என்ற கட்டளையின் முதல் வரியில் 99%/80% என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மொத்தப் பயன்பாடு. இரண்டாவது, பாக்கெட்டுகளை நகர்த்துவதற்காக இன்டரப்ட் நிலையில் செலவான பங்கு. இரண்டாவது எண் உயர்ந்திருந்தால் சிப்பு செய்ய வேண்டிய வேலையைச் சிபியு தானே செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் கீழே உள்ள பட்டியலில் எந்த வேலை முன்னணியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஐபி இன்புட்' முதலிடத்தில் இருந்தால் விதிவிலக்குப் பாக்கெட்டுகள் குவிகின்றன. பிம் அல்லது ஐஜிஎம்பி முதலிடத்தில் இருந்தால் வீடியோவைவிடக் கட்டுப்பாட்டுச் செய்திகளே பெருகியிருக்கின்றன. மைக்ரோடிக் கருவிகளில் இதே கணக்கை 'புரொஃபைல்' என்ற பகுதி காட்டும்.

அடுத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். சிஸ்கோவின் சிபியு வரலாற்று வரைபடம் கடந்த 60 விநாடி, 60 நிமிடம், 72 மணி நேரம் ஆகியவற்றைக் காட்டும். வகுப்பு தொடங்கும் நேரத்தில் செங்குத்தாக ஏறி, முடியும் நேரத்தில் அதேபோல் இறங்கும் கோடு பாதிக் கதையைச் சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் பதற்றத்தில் செய்யக்கூடாத ஒன்று உண்டு: ஏற்கெனவே திணறும் ரவுட்டரில் ஒவ்வொரு பாக்கெட்டையும் அச்சிடும் டீபக் கட்டளையைப் போடுவது. மிச்சமிருக்கும் கொஞ்ச உயிரும் அதில் போய்விடும். ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற மென்பொருளை வைத்துப் பாக்கெட்டுகளைப் பிடிப்பதுதான் பாதுகாப்பு.

வயர்ஷார்க்கில் முதலில் கண் போக வேண்டிய இடம் டிடிஎல். வளாகங்களில் இந்தக் கோளாறு கிளம்பும்போது முதல் சந்தேகத்துக்குரியது இந்தச் சிறு எண்தான். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் அது எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டை வீசிவிடும். யூனிகாஸ்டில் இது 64 அல்லது 128 என்று தொடங்குவது வழக்கம். மல்டிகாஸ்டில் மென்பொருள் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் டிடிஎல் 1 ஆக இருக்க வேண்டும் என்று 1989-இன் அந்த விதிமுறையே சொல்கிறது. தெரியாமல் விட்ட ஒளிபரப்பு உலகமெல்லாம் பரவிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் பேராசிரியர் ஒருவர் விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் 239-இல் தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுத்து, வேறெதையும் தொடாமல் ஒளிபரப்பைத் தொடங்கினால், ஒவ்வொரு பாக்கெட்டும் டிடிஎல் 1 உடன் ரவுட்டர் வாசலுக்கு வரும். கழித்தால் பூஜ்யம். பல கருவிகளில் டிடிஎல் தீர்ந்த பாக்கெட்டை என்ன செய்வது என்ற முடிவு சிப்புக்கு விடப்படவில்லை; சிபியுவுக்குப் போகிறது. சிபியு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் குப்பையில் போடுகிறது, நொடிக்கு நூற்றுக்கணக்கில்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. யூனிகாஸ்டில் டிடிஎல் தீர்ந்தால் அனுப்பியவருக்கு ஐசிஎம்பி அறிவிப்பு திரும்பப் போகும். மல்டிகாஸ்ட் முகவரிக்கு வந்த பாக்கெட்டுக்கு அப்படிப் பிழைச் செய்தி அனுப்பக்கூடாது என்பது விதி. ஆகவே அனுப்புபவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. மற்றொன்று, பார்ப்பவர்கள் எல்லாரும் அனுப்புபவரின் அதே விலானில், அதாவது ரவுட்டர் இல்லாமலே பேசிக்கொள்ளும் ஒரே வலைப் பகுதியில், இருந்தால் வீடியோ ரவுட்டரைத் தாண்டவே தேவையில்லை, அழகாக ஓடும். அப்போதும் ரவுட்டருக்கு ஒரு நகல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்ச், கேட்டவர்களின் போர்ட்டோடு மல்டிகாஸ்ட் ரவுட்டர் இருக்கும் போர்ட்டுக்கும் எல்லாக் குழுக்களின் ஓட்டத்தையும் அனுப்பும்படிதான் அமைக்கப்பட்டுள்ளது. யாருக்கும் தேவையில்லாத அந்த நகல்தான் சிபியுவை வாட்டுகிறது.

சிஸ்கோவில் 'ஷோ ஐபி டிராஃபிக்' கட்டளையின் வெளியீட்டில் 'பேட் ஹாப் கவுன்ட்' என்ற எண்ணிக்கை விறுவிறுவென ஏறினால் சந்தேகம் உறுதியாகிறது. அனுப்பும் கணினியின் ஐபியும் மேக் எனப்படும் வன்பொருள் முகவரியும் வயர்ஷார்க்கில் கிடைக்கும். அந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்சின் அட்டவணை சொல்லும். தீர்வு அந்தக் கணினியில்தான் இருக்கிறது. வீடியோ ரவுட்டரைத் தாண்டிப் பல கட்டடங்களுக்குப் போக வேண்டுமென்றால் டிடிஎல்லை உயர்த்தினால் போதும்; சிப்பே அதைத் தள்ளிவிடும். ஆனால் 255 என்று கொடுப்பது சோம்பேறித்தனம். மூன்று நான்கு ரவுட்டர் உள்ள வளாகத்துக்கு 8 அல்லது 16 தாராளம். அதோடு வெளியே போகும் முகப்பில் 239-இல் தொடங்கும் குழுக்களுக்கு எல்லை போட்டு வைக்க வேண்டும். வீடியோ விலானுக்குள்ளேயே இருக்க வேண்டியது என்றால், அந்த விலானின் ரவுட்டர் முகப்பில் பிம்மை நிறுத்திவிட்டு, ஐஜிஎம்பி கேள்வி கேட்கும் பொறுப்பை ஸ்விட்சிடம் கொடுக்கலாம். கணினிகளைத் தேடிப் பிடிக்க அவகாசம் இல்லாதபோது, டிடிஎல் தீர்ந்த பாக்கெட்டுகள் சிபியுவுக்கு வரும் வேகத்துக்கு வரம்பு கட்டலாம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 வரிசையில் இதற்கென்றே வன்பொருள் வரம்பு ஒன்று உண்டு. இது முதலுதவி மட்டுமே.

டிடிஎல் சரியாக இருந்தும் சிபியு இறங்கவில்லை என்றால் சந்தேகம் பிம் பக்கம் திரும்ப வேண்டும். பரவலாகப் பயன்படும் ஸ்பார்ஸ் மோடில், புதிய வீடியோ வந்ததும் அனுப்புபவருக்குப் பக்கத்திலிருக்கும் ரவுட்டர் அதைச் சந்திப்பு முனை எனப்படும் மைய ரவுட்டரிடம் பதிவு செய்யும். பதிவு செய்யும் விதம்தான் விசித்திரம்: வீடியோ பாக்கெட்டுகளையே இன்னொரு உறைக்குள் போட்டு யூனிகாஸ்டாக அனுப்பும். பல கருவிகளில் இந்த உறைபோடும் வேலை சிபியுவினுடையது. மைய ரவுட்டர் 'போதும், நிறுத்து' என்று ஒரு செய்தி அனுப்பியதும் இது நின்றுவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில நொடி வேலை. சந்திப்பு முனையின் முகவரி தவறாக எழுதப்பட்டிருந்தாலோ, நடுவிலிருக்கும் ஃபயர்வால் பிம் செய்திகளை விழுங்கிவிட்டாலோ அந்த 'நிறுத்து' வந்து சேராது. ரவுட்டர் வீடியோ முழுவதையும் உறைபோட்டுக்கொண்டே இருக்கும். மல்டிகாஸ்ட் அட்டவணையில் 'ரெஜிஸ்டரிங்' என்ற சொல் நிமிடக்கணக்கில் நீங்காமல் நின்றால் இதுதான் காரணம்.

இன்னொரு காரணம் ஆர்பிஎஃப் சோதனையில் தோற்பது. வளையமாகச் சுற்றுவதைத் தடுக்க, அனுப்புபவரை அடையும் வழி எந்த முகப்பில் இருக்கிறதோ அந்த முகப்பில் வரும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். ஒரே விலானில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால், ஒன்று அனுப்பும் வீடியோ மற்றொன்றின் தவறான முகப்பில் போய் இடிக்கும். இருவரில் யார் அனுப்புவது என்ற போட்டியைத் தீர்ப்பதற்காக அந்தப் பாக்கெட் சிபியுவுக்குப் போக வேண்டியிருக்கிறது. போட்டி தீர்ந்த பிறகும் சில கருவிகளில் பாக்கெட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றை வன்பொருளிலேயே வடிகட்ட வேண்டும். காப்புக்கென்று இரட்டை ரவுட்டர் வைத்த வளாகங்களில் இது அடிக்கடி தலைகாட்டும். பழைய டென்ஸ் மோடைப் பயன்படுத்தும் இடங்களில் கதை வேறு: அங்கே ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வீடியோவும் எல்லாத் திசைகளிலும் வெள்ளமாகப் பாய்ந்து, பிறகு வேண்டாதவர்கள் மறுக்க, அடங்கும். சிபியு வரைபடம் ரம்பப் பல்போல் இருந்தால் டென்ஸ் மோடைக் கைவிடுவதே மேல்.

குழு முகவரியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மல்டிகாஸ்ட் ஐபி முகவரியின் 28 பிட்டுகளை ஈதர்நெட்டின் மேக் முகவரிக்குள் அடக்கும்போது 23 பிட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. முழு இடத்தையும் வாங்க அந்தக் காலத்தில் பணம் இல்லை என்பது இத்துறையில் சொல்லப்படும் பழைய கதை. விளைவாக 32 வெவ்வேறு குழுக்கள் ஒரே மேக் முகவரியில் வந்து விழுகின்றன. நினைவில் நிற்கும் எண் என்று ஒருவர் 239.0.0.5 என்ற முகவரியில் வீடியோவை விட்டால், ஈதர்நெட் மட்டத்தில் அது ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் 224.0.0.5 உடன் ஒன்றாகிவிடும். 224.0.0 வரிசை கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு உரியது என்பதால் ஸ்விட்சுகள் அதை எல்லாப் போர்ட்டுக்கும் வெள்ளமாக விடும். வீடியோவும் கூடவே வெள்ளமாகும். நடுவில் .0.0. அல்லது .128.0. வரும் முகவரிகளை வீடியோவுக்குத் தவிர்க்க வேண்டும்.

ஸ்விட்ச் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஸ்னூப்பிங்கும் கேள்வி கேட்பவரும். ஸ்னூப்பிங் நிறுத்தப்பட்டிருந்தால் வீடியோ விலானின் ஒவ்வொரு போர்ட்டிலும் கொட்டும். பிரின்டர்கள், பழைய ஐபி தொலைபேசிகள், வைஃபை கருவிகள் எல்லாம் சேர்ந்து தத்தளிக்கும். ஸ்னூப்பிங் இருந்து, கேள்வி கேட்க யாரும் இல்லாவிட்டால் வேறுவிதக் குழப்பம். யார் இன்னும் பார்க்கிறார்கள் என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேள்வி வர வேண்டும் என்பது தரநிலை. கேள்வியே வராவிட்டால் 260 விநாடியில் உறுப்பினர் பட்டியல் காலாவதியாகும். வீடியோ தொடங்கி நான்கு நிமிடம் கழித்துச் சொல்லிவைத்ததுபோல் உறைந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். அப்போது எரிச்சலில் ஸ்னூப்பிங்கையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வீடியோ ஓடும், வெள்ளமும் கூடவே வரும்.

வீட்டு ரவுட்டரிலும் சிறு அலுவலக ரவுட்டரிலும் கதை எளிது. மலிவான கருவிகள் பலவற்றில் மல்டிகாஸ்டுக்கென வன்பொருள் பாதை இல்லை. ஐபிடிவி பெட்டிக்கு வரும் ஓட்டத்தை ஐஜிஎம்பி ப்ராக்ஸி என்ற மென்பொருளின் துணையோடு சிபியுவே சுமக்கும். வைஃபையில் இன்னும் மோசம்: மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை வைஃபை தன் அடிப்படை வேகத்தில், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்காமல் வீசும். ஒரு எச்டி சேனல் மொத்தக் காற்றலையையும் அடைத்துக்கொள்ளும். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கேபிள் இழுத்துவிடுவது இதற்குச் சிறந்த மருந்து. இயலாவிட்டால் மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக மாற்றும் வசதி ரவுட்டரில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

காரணம் எதுவாயினும், சிபியுவுக்கு வரும் பாக்கெட்டுகளை வகைபிரித்து வரம்பு கட்டும் கன்ட்ரோல் பிளேன் போலீசிங் வசதியை முன்கூட்டியே அமைத்து வைப்பது நல்லது. ஓஎஸ்பிஎஃப் ஹலோவுக்கு முன்னுரிமை, டிடிஎல் தீர்ந்தவற்றுக்கு நொடிக்குச் சில நூறு என்று பிரித்துவிட்டால், அடுத்த முறை யாராவது தவறான அமைப்போடு ஒளிபரப்பைத் தொடங்கினாலும் ரவுட்டர் விழாது. திருத்தம் செய்த பிறகு 72 மணி நேர வரைபடத்தை மறுபடி பார்க்க வேண்டும். அதே வகுப்பு நேரத்தில் கோடு மீண்டும் ஏறினால் அனுப்பும் கணினி இன்னொன்று இருக்கிறது.

ஐபிவி6-க்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும் என்று எண்ண இடமில்லை. அங்கே ஐஜிஎம்பிக்குப் பதில் எம்எல்டி, டிடிஎல்லுக்குப் பதில் ஹாப் லிமிட் என்று பெயர்கள்தான் மாறுகின்றன. மல்டிகாஸ்டுக்கு அதன் இயல்பான மதிப்பு அங்கும் 1 தான்.